சத்தம் போடாத போத்தல்

துப்பாக்கிக் கடையின் பின்னறையில், தேநீர்க் கோப்பைகளுக்கு மேலே, வேலைக்காரருக்கான விதிகள் ஒட்டப்பட்டிருக்கும். பார்த்திருப்பீர்கள். மொத்தம் பதினான்கு. அவற்றில் ஒன்பது என்னால் வந்தவை. நான் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஏதாவது ஒன்றைச் செய்வேன், முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மறுநாள் காலை சுவரில் ஒரு வரி கூடியிருக்கும். பதினேழு வருடத்தில் ஒன்பது வரி என்பது அவ்வளவு மோசமில்லை என்றுதான் இன்றும் வாதாடுவேன்.

இப்போது அந்த வெடிமருந்துக் கவுண்டரில் நிற்கிற மூன்று பேரில் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் சென்னை, ஒருத்தி கிளிநொச்சி. "புதுசா வந்த பிள்ளைகளுக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று உங்களில் ஒருத்தி கேட்டபடியால் எழுதுகிறேன். தோட்டா, மருந்து, சட்டம், லைசென்ஸ் எல்லாம் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாம் விதி ஏன் வந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. "வெளியிலிருந்து வருகிற மருந்துப் போத்தலுக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்று சொல்லாதே" என்பது பன்னிரண்டாம் விதி. சட்டத்துக்குப் பயந்து எழுதினார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது நான்.

நேர்முகத்தில் முதலாளியம்மா, "துப்பாக்கிகளோடு உனக்கு அனுபவம் உண்டா?" என்று கேட்டார். "நிறைய. ஆனால் எப்போதும் மறுபக்கத்தில் நின்றுதான்" என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்த ஒருவனின் பகிடி அது. அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் கவனமாக இருப்பாய்" என்று வேலை தந்தார். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதுதான் இந்தக் கதை.

தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கழகங்களில் குறி பார்த்துச் சுடுகிறவர்களில் பலர் வெடித்து முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், புது மருந்தும் புதுக் குண்டும் வைத்துத் தாங்களே தோட்டா செய்துகொள்வார்கள். மருந்துகளில் முன்கோபக்காரர் உண்டு, நிதானக்காரர் உண்டு. முன்கோபக்காரர் கண்சிமிட்டும் முன் எரிந்து முடிவார்கள். சின்னத் தோட்டாவில் துளி போதும். நிதானக்காரருக்குப் பெரிய கோது வேண்டும், அளவும் கூட வேண்டும். நிதானக்காரருக்கு எழுதிய அளவில் முன்கோபக்காரரைப் போட்டால், துப்பாக்கி கையிலேயே வெடித்துப் பிளந்துவிடும். மேலோட்டமான பார்வைக்கோ எல்லாம் ஒன்று. பென்சில் சீவியபின் மேசையில் கிடக்கும் கரித்தூள் மாதிரி.

ஆகவே எல்லாரும் "என்னிடம் இந்தத் துப்பாக்கி இருக்கிறது, என்ன மருந்து வாங்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். மறுபக்கமாகக் கேட்டவர் ஒருவர்தான்.

அவர் பெயர் மணியம். மலேசியாக்காரர். விமான நிலையத்தில் எஞ்சின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது. மனைவி போய்ச் சேர்ந்தபின் பிளாட் புஷ் என்ற புறநகரில் மகன் வீட்டில் இருந்தார். ஐந்து அறை, மூன்று கார், கதைக்க ஒரு ஆள் இல்லை. மகனும் மருமகளும் வேலை, பேரப்பிள்ளைகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இரண்டு மணிக்குச் சாம்பல் நிறத் தொப்பியோடு கடைக்கு வருவார். எதையும் வாங்கமாட்டார். என் பெயரையும் ஒருநாளும் சொன்னதில்லை.

"டேய் சிலோன், பசியாறிட்டியா?"

"மத்தியானம் ரெண்டு மணி அண்ணை. இப்பவோ பசியாறுறது?"

"உன் மூஞ்சியப் பாத்தா காலையிலேருந்து சாப்புடாத மாதிரி இருக்குலா, அதான் கேட்டேன்."

அவருக்கு ஒரேயொரு நண்பர். கிரஹாம் என்ற வெள்ளைக்காரர், நகருக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயத் தோட்டம் வைத்திருந்தவர். இருவரும் இருபது வருடம் ஒரே கழகத்தில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் நின்று சுட்டவர்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் கிரஹாம் இறந்துபோனார். அதன்பின் ஐந்து வியாழக்கிழமை மணியம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம் வியாழனில் வராமல் சனிக்கிழமை வந்தார். அதுவும் எப்படிப்பட்ட சனிக்கிழமை! வாத்து வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம். பச்சைச் சட்டை போட்ட ஆட்கள் வாசல்வரைக்கும் நின்றார்கள். கடையே ஒரு சதுப்புநிலம் மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் மணியம் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பால்குடிப் பிள்ளையைத் தூக்கி வருகிறவரைப் போல வந்தார்.

"கிரஹாமோட மருந்துடா. அவன் சம்சாரம் குடுத்துச்சு. இதுக்கு எந்தத் தோட்டா சரியா வரும்னு சொல்லு."

"ஏன் அண்ணை, உங்களிட்டை உங்கட மருந்து இருக்குதானே?"

"நாளைக்கு கிளப்புல அவன் ஞாபகமா சுடுறோம். அவன் மருந்துல சுட்டாதான் எனக்கு மனசு ஆறும். போன சீசன் பூரா இதுலதான் சுட்டான். அவன் சுட்டது நைன் எம்எம். என்கிட்ட இருக்கிறது பழைய தேர்ட்டி எயிட் ரிவால்வர். இது அதுக்கு வருமா, வராதா? வராட்டி என்னா தோட்டாவுக்கு வரும்? சொல்லு, அந்தத் துப்பாக்கிய கிளப்புல யார்கிட்டயாச்சும் கேட்டு வாங்கிக்கிறேன்."

இப்போது நன்றாகக் கவனியுங்கள். வழக்கமாக மேலே போகும் ஏணியில் ஒருவன் கீழே இறங்கி வருகிற மாதிரியான கேள்வி அது. எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. போத்தலில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தேன். அது மிதமான ஒரு மருந்து. புத்தகத்தைத் திறக்காமலே, நைன் எம்எம்முக்கு வரும், தேர்ட்டி எயிட்டுக்கு வரும், அதன் அண்ணன் த்ரீ ஃபிஃப்டி செவனுக்கு வரும், ஃபோர்ட்டி ஃபைவுக்கும் வரும் என்று விரல் மடக்கிச் சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு வாத்துக்காரர் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவம் எனக்குப் பொன்னாடை போட்டது போல இருந்தது. பிறகு புத்தகத்தில் தேர்ட்டி எயிட் பக்கத்தை நகலெடுத்து, அளவுக்குக் கீழே கோடும் போட்டுக் கொடுத்தேன். போத்தலைத் திறந்து உள்ளேயும் பார்த்தேன். மேலே சாம்பல் நிறச் செதில். சரிதான். மூடி, ஒருமுறை குலுக்கித் திருப்பிக் கொடுத்தேன்.

"உங்கட சிநேகிதன் நல்ல கஞ்சன்போல அண்ணை. போத்தல் கழுத்துவரைக்கும் அப்பிடியே இருக்கு."

அவர் சிரித்தார். இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினார். கிரஹாமின் கடைசி வருடத்தைப் பற்றி என்னவோ. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் அதைக் கண்டுவிட்டார்.

"சரிலா, வேலையப் பாரு" என்று போத்தலை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளியம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மருந்துப் போத்தல் எதுவானாலும், எழுத்தைப் பார்க்குமுன் காதருகே வைத்துக் குலுக்குவார். சந்தையில் தேங்காய் வாங்குகிற எங்கள் ஆட்கள் மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "எங்களூரில் இப்படித்தான், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்போம்" என்று பகிடி விட்டேன். அவர், "எழுத்து, போத்தல் விற்கப்பட்ட அன்று உள்ளே என்ன இருந்தது என்று சொல்லும். அதன்பிறகு நடந்தது அதற்குத் தெரியாது" என்றார். நானும் அவரைப் பார்த்து, வருகிற போத்தலையெல்லாம் குலுக்கப் பழகினேன். குலுக்கினேனே தவிர, ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. பாபடோயிட்டோயில் என் இரண்டு அறை வீட்டுக் குசினியில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனைவி இருக்கிறாள். மெல்போர்னில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனவள். பேரனுக்கு அப்போதே மீசை அரும்பத் தொடங்கிவிட்டது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. திரும்பி வருவதற்கு ஒரு காரணம் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை, நானும் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிறு காலையில் வெந்தயம் எங்கே, பெருஞ்சீரகம் எங்கே என்று போன் எடுப்பேன். எனக்கு வெந்தயம் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

அன்றைக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"இஞ்சரப்பா, வெந்தயம் எந்த டின்னுக்கை?"

"பால்மா டின்னுக்கை."

"பால்மா டின் நிரம்பக் கிடக்கே. குலுக்கினால் சத்தமும் இல்லை. இது பால்மாதான்."

"உங்களுக்கு விசரே? பாவிச்ச டின் எப்பிடியப்பா நிரம்பி இருக்கும்? நிரம்பி இருக்குதெண்டால் அதுக்கை வேறை ஏதோ கொட்டியிருக்கு. திறந்து பாருங்கோ. வறுத்த உளுத்தம்மாவாயிருக்கும்."

திறந்தேன். உளுத்தம்மாதான்.

எங்கள் வீடுகளில் எந்த டின்னில் எழுதியிருப்பது உள்ளே இருந்திருக்கிறது? பிஸ்கட் டின்னில் ஊசி நூல், ஐஸ்கிரீம் டப்பாவில் நேற்றைய ரசம், பால்மா டின்னில் உளுத்தம்மா. எழுத்தை நம்பாதே என்று பிறந்த நாளிலிருந்து பயிற்சி பெற்ற இனத்தில் வந்தவன் நான். ஆனால் வெள்ளைக்காரன் வீட்டுப் போத்தல் என்றதும் எழுத்தை நம்பிவிட்டேன். அவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம். அவமானம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

புதுப் போத்தலில்கூடக் கழுத்துக்குக் கீழே ஒரு விரலளவு வெற்றிடம் இருக்கும், குலுக்கினால் சரசரவென்று சத்தம் வரும். கிரஹாம் ஒரு சீசன் முழுக்கச் சுட்ட போத்தல் கழுத்துவரைக்கும் நிரம்பி, சத்தமே போடாமல் இருந்தது. அப்படியென்றால் வேறு ஏதோ ஒரு போத்தலின் மிச்சத்தை அவர் அதற்குள் கொட்டியிருக்கிறார். அது நிதானக்காரரா, முன்கோபக்காரரா, யாருக்குத் தெரியும்?

நான் கரண்டியோடு நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த நிமிடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒருவேளை ஒன்றும் நடக்காது என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. ஒருவேளை கொட்டியது அதே மருந்தின் இன்னொரு போத்தலாக இருக்கும் என்று தோன்றியது. இப்போது போய்க் கத்தினால் வேலை போகும், கடன் இருக்கிறது, இந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்றும் தோன்றியது. எல்லாமே நல்ல நியாயங்கள். உங்களுக்கும் அந்த நிமிடம் வரும், அப்போது இதைவிட நல்ல நியாயங்கள்கூட வரும். என்னை அசைத்தது நியாயம் ஒன்றுமல்ல. மணியம் அண்ணையின் வலது கையை நினைத்தேன். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது சுண்டுவிரலைத் தூக்கி வைத்துக்கொள்வார், பெரிய துரை மாதிரி. அந்த விரல் ஞாபகத்துக்கு வந்தது.

அடுப்பை அணைத்தேன். அவருடைய கைபேசி மணி அடித்தது, எடுக்கவில்லை. சுடப் போனால் அதைக் காரிலேயே விட்டுவிடுவார். மகன் வீட்டு எண்ணில் பேரன், "கிராண்டட் இஸ் அவுட்" என்று சொல்லி வைத்துவிட்டான். கழக அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது. மணி எட்டே முக்கால். பத்து மணிக்குத் தொடங்குவார்கள். கார்ச்சாவியைத் தேடினேன். அது எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். டின்னுக்குள்தான்.

தெற்கு நெடுஞ்சாலையில் நான் வழக்கமாக இடது ஓரத்தில் ஊர்ந்து போகிறவன். லொறிகள்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு முந்திப் போகும். அன்று முதல்தடவையாக வலது ஓரத்தைப் பார்த்தேன், அங்கே காற்று நன்றாக இருந்தது. புக்கெகோஹி தாண்டி வெங்காயப் பாத்திகள் தொடங்குமிடத்தில் ஒரு உழவு இயந்திரம் பாதையை அடைத்துக்கொண்டு போனது. அதன் பின்னால் நகர்ந்த பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாத் தேவாரத்தையும் சொல்லி முடித்தேன். மொத்தம் ஒன்றரைத் தேவாரம்.

கழகத்து வாசலில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. சுடப் போகிறார்கள் என்று அர்த்தம். காரைப் புல்லில் விட்டுவிட்டு ஓடினேன். ஆனால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூலையைத் திரும்பினால், பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக, காதுக் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தலை குனிந்து நிற்கிறார்கள். கிரஹாமுக்காக ஒரு நிமிட மௌனம். பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் அவருடைய மனைவி. முதல் இடத்தில் மணியம். அவருக்கு முன்னே மேசையில் ரிவால்வர், பக்கத்தில் தோட்டாப் பெட்டி.

அந்த மௌனத்துக்குள்தான் நான், முப்பது வருடத்துக்கு முன் ஊரில் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சொல்லப் பயந்து விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்த குரலில், தமிழில் கத்தினேன்:

"அண்ணை! சுடாதேங்கோ!"

தலைகள் நிமிர்ந்தன. விளங்கியது ஒருவருக்கு மட்டும்தான். அந்த ஒருவர் போதும். மணியம் மேசையிலிருந்து இரண்டு அடி பின்வாங்கி, கைகளைத் தூக்கிக் காட்டினார்.

"என்னடா சிலோன், இப்புடி ஓடியார? செத்தது கிரஹாம்டா, நான் இல்ல."

கழகத் தலைவர் என்னிடம் வந்தார். மரியாதையான மனிதர், ஆனால் முகம் சிவந்திருந்தது. "என்ன பிரச்சினை?" என்று எல்லாரும் கேட்கக் கேட்டார்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. கிரஹாமின் போத்தலில் மருந்து கலந்திருக்கிறது. நாலே சொல். வாயைத் திறந்தபோது மடக்கு நாற்காலியில் இருந்த அம்மாவைக் கண்டேன். மடியில் கணவரின் தொப்பியை வைத்திருந்தார்.

கோது நிரப்புகிற ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான சொல் அது என்று இன்னும் சில மாதத்தில் உங்களுக்கே தெரியவரும். குடிகாரன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். மருந்தைக் கலந்தவன் என்றால் அவன் பக்கத்தில் யாரும் நின்று சுடமாட்டார்கள். அந்த மனிதரை நினைத்துத் தலை குனிந்து நிற்கிற இடத்தில், அவர் மனைவிக்கு முன்னால், நான் அதைச் சொல்லவேண்டும்.

"நேற்று நான் இவருக்குத் தவறான பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன்" என்றேன். "அளவு பிழை. என் தவறு. இந்தத் தோட்டாக்களைச் சுடக் கூடாது."

யாரோ ஒருவர் என் கடையின் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்தார். தலைவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் தியாகி என்று எண்ணிவிடாதீர்கள். தவறு என்னுடையதுதான், பெயரை மட்டும் மாற்றிச் சொன்னேன். ஆனால் ஒன்று. இப்படி ஒரு பொய்யைச் சொன்னால், அதன் பின்னால் போய்ச் சுத்தம் செய்யும் வேலையும் உங்களுடையதுதான். அது கீழே வரும்.

மணியம் என்னையே பார்த்தார். அந்தப் பக்கத்தை அவர் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் நிரப்பியிருந்தார். பிழை அதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். தோட்டாப் பெட்டியை மூடினார். முதல் இடம் அவருக்கென்று ஒதுக்கியிருந்தது. மற்றவர்கள் சுடத் தொடங்கியபோது அவர் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, ரிவால்வரை வெறுமையாகத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, தன் முறை முடியும்வரை இலக்கைப் பார்த்தபடி நின்றார். யாராவது இரவல் தோட்டா கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

பிறகு கழகத்துக் கொட்டகையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். குண்டைக் கழற்றுவதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. தோட்டாவை அதற்குள் வைத்துக் கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் வெளியே வரும். ஐம்பது தோட்டா. இரவெல்லாம் நிரப்பியிருக்கிறார். முதலாவதை அடித்து மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டி, வெளிச்சத்தில் பிடித்தோம். சாம்பல் நிறச் செதில்களுக்கு நடுவே, வேறு மாதிரி, பொடிப்பொடியாக, வட்டமாக.

இரண்டு மருந்து.

மணியம் தாளை என் பக்கம் தள்ளினார். "கடைசி வருஷம் அவனுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சுடா" என்றார். "என் பேர் மறந்துட்டான். தோட்டாவை எண்ண மறந்துட்டான். யார்கிட்டயும் சொல்லாதன்னு கெஞ்சினான். சொன்னா கிளப்புல சுட விடமாட்டாங்கல்ல. நானே பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா. நேத்து உன்கிட்ட அதைத்தான் சொல்ல வந்தேன்."

"நான் மணிக்கூட்டைப் பார்த்தனான்."

"ஆமா. பாத்தே."

நான் அடுத்த தோட்டாவை எடுத்தேன். மாறி மாறி அடித்தோம். இருபதாவது தோட்டாவில் என் தோள் வலித்தது. முப்பதில் அவர் தன் மனைவி வைக்கும் மீன்கறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாற்பதில் நான் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். "டிக்கெட் போட்டு நீ போய்க் கூட்டியாரலாம்ல?" என்றார். "கூப்பிட்டால் வந்திடுவாளோ எண்டு பயமாயிருக்கு அண்ணை, வந்தால் நான் ஆரிட்டை வெந்தயம் கேக்கிறது?" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சொன்னது பகிடியா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

மேலே சொன்ன சுத்தம் செய்யும் வேலை இதுதான்: கிரஹாமின் கொட்டிலில் இன்னும் எத்தனை போத்தல் இருக்கிறது, வேறு யாருக்காவது கொடுத்தாரா? அன்று பின்னேரமே கிரஹாமின் மனைவியிடம் போனோம். "பழைய மருந்து வீட்டில் இருக்கக் கூடாது, நாங்கள் எடுத்துவிடுகிறோம்" என்றோம். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். இன்னும் மூன்று போத்தல் இருந்தது. எல்லாவற்றையும் வெங்காயப் பாத்திகளில் மெல்லிய தூவலாகத் தூவினோம். இந்த மருந்து மண்ணில் பரவிக் கிடந்தால் மழைக்குக் கரைந்து உரமாகிவிடும் என்று மணியம் சொன்னார். தூவும்போது அவர் குனிந்து குனிந்து போனார். பிள்ளைக்குத் தலையில் பவுடர் போடுகிறவரைப் போல. வெற்றுப் போத்தல்களின் எழுத்தை நகத்தால் சுரண்டிக் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டார்.

திங்கட்கிழமை முதலாளியம்மாவிடம் போய், தவறான பக்கத்தை நகலெடுத்தேன் என்று அதே பொய்யைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை மருந்துக் கவுண்டரிலிருந்து எடுத்து, வாத்துக் காலம் முடியும்வரை, வேட்டைக்காரர் காலில் மாட்டும் றப்பர் சப்பாத்துப் பகுதியில் நிறுத்தினார். மறுநாள் சுவரில் பன்னிரண்டாம் விதி ஏறியது. அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் சொன்ன பொய்க்கு விதி எழுதியிருந்தால், அது நகலெடுப்பதைப் பற்றித்தான் இருந்திருக்கவேண்டும். அவர் போத்தலைப் பற்றி எழுதியிருந்தார். என் பொய் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது முதலாளியம்மாவும் இல்லை, கிரஹாமின் மனைவியும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாரம் வியாழன் இரண்டு மணிக்கு மணியம் வந்தார். மருந்துக் கவுண்டரில் என்னைக் காணாமல் கடை முழுக்கத் தேடி, சப்பாத்துகளுக்கு நடுவே கண்டுபிடித்தார். ஒரு சப்பாத்தைத் தூக்கி, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"டேய் சிலோன், இதுக்கு எந்தத் தோட்டா சரியா வரும்?"

பிறகு நான் கவுண்டருக்குத் திரும்பினேன். அவர் கண் மங்கி, ரிவால்வரைக் கழகத்தில் ஒருவருக்குச் சட்டப்படி மாற்றிக் கொடுத்தார். அதன்பின்னும் வந்தார். அலமாரியில் ஏதோ ஒரு போத்தலைக் காட்டி, இதற்கு எந்தத் தோட்டா என்று கேட்பார். நான் முதலில் போத்தலைக் காதில் வைத்துக் குலுக்குவேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து தேடுவேன். மூன்று மணிக்கு முன் விடை கண்டுபிடித்ததில்லை. நாலு வருடம் அப்படிப் போனது.

ஒரு வியாழன் அவர் வரவில்லை. அடுத்த வியாழன் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் மணியம் அண்ணையின் சாம்பல் நிறத் தொப்பியோடு, கவுண்டருக்கு முன்னால் தயங்கி நின்றார். ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

"மன்னிக்கவேண்டும். இங்கே சிலோன் என்று யாராவது இருக்கிறீர்களா? அப்பாவின் போனில் அப்படித்தான் பெயர் இருக்கிறது."

நான்தான் என்றேன். தொப்பியை என் கையில் வைத்தார்.

பிள்ளைகளே, விதி பதினான்கையும் படியுங்கள். பன்னிரண்டை மீறாதீர்கள். ஆனால் வியாழக்கிழமை இரண்டு மணிபோல, சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒரு கிழவன் உங்கள் கவுண்டருக்கு வருவான். அவனிடம் துப்பாக்கி கிடையாது, எதையும் வாங்கமாட்டான். அலமாரியில் சீல் உடைக்காத ஒரு போத்தலைக் காட்டி, இதற்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்று கேட்பான். அவனுக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும். போத்தலைக் காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிவிட்டு, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.